நான்கு தோட்டமா, இரண்டா? பாட்டி, குழந்தைகளோடு டோக்கியோவில் ஒரு வசந்த நாள்

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் டோக்கியோவில் இருப்போம். நான், கணவர், 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி உண்டு. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி என்றால் சிரமம். எல்லோரும் சுத்த சைவம். ஒரு நாளைப் பாரம்பரியத் தோட்டங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ரிகுகியென், ஷின்ஜுகு கியோஎன், ஹமா-ரிக்யூ, கியோசுமி நான்கையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: நான்கின் வாசலையும் மிதிக்கலாம், ஒன்றையும் பார்த்த மாதிரி இருக்காது. இந்தத் தோட்டங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும். ஷின்ஜுகு கியோஎன் மட்டும் வசந்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். மற்ற மூன்றும் மாலை 5 மணிக்கு மூடும், 4:30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். குளத்தைச் சுற்றி நடந்து பார்க்கும்படி அமைத்த தோட்டங்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். சிறு பிள்ளையும் பெரியவரும் கூட இருந்தால் இரண்டரை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக ரயில், லிஃப்ட் தேடுதல், கழிப்பறை எல்லாம் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டால் இரண்டு தோட்டத்துக்குத்தான் நாள் இடம் கொடுக்கிறது.

உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற இரண்டு: காலையில் ஹமா-ரிக்யூ, பிற்பகலில் கியோசுமி. இரண்டும் பெரும்பாலும் சமதளம். இரண்டும் ஓ-எடோ சுரங்க ரயில் தடத்திலேயே இருக்கின்றன. ஹமா-ரிக்யூவுக்கு அருகிலுள்ள ஷியோடோமே நிலையத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கியோசுமி-ஷிராகவா, வண்டி மாற வேண்டாம். ரிகுகியெனை விடச் சொல்வது மனமில்லாமல்தான். 1702-ல் முடிந்த அந்தத் தோட்டம் அவ்வளவு அழகு. ஆனால் அதன் முழுக் காட்சியும் தெரிய ஒரு குன்றின் படிகளில் ஏற வேண்டும்; உங்கள் மாமியார் கீழே காத்திருக்க நேரும். அங்கே பெயர் பெற்ற தொங்குகிளைச் செர்ரி மரமும் வழக்கமாக மார்ச் கடைசியிலேயே பூத்து முடியும் தறுவாயில் இருக்கும்.

ஹமா-ரிக்யூவையும் கியோசுமியையும் சேர்த்துச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இரண்டுமே கடலின் ஏற்றவற்றத்தை நம்பி அமைத்த குளங்கள். ஒன்றில் கடல் இன்றும் உள்ளே வந்து போகிறது. மற்றதில் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால், ஜப்பானியத் தோட்டக்காரர்கள் தண்ணீரை எப்படி நினைத்தார்கள் என்பது குழந்தைக்கும் புரியும்.

ஹமா-ரிக்யூ இருக்கும் நிலம் 1654-க்குப் பிறகு கடலைத் தூர்த்து உண்டாக்கியது. அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் தம்பி ஒருவர் அங்கே மாளிகை கட்டினார். அவர் மகன் ஆறாவது ஷோகுன் ஆனதும் அது ஷோகுன் குடும்பத்தின் தோட்டமானது. சுமார் 25 ஹெக்டேர் பரப்பு. நடுவில் உள்ள பெரிய குளத்துக்கு டோக்கியோ விரிகுடாவிலிருந்து மதகு வழியாக உப்புத் தண்ணீர் ஏறுகிறது, வடிகிறது. மடவை, விலாங்கு, உளுவை என்று கடல் மீன்கள்தான் உள்ளே. மடவை தண்ணீரை விட்டுத் துள்ளி விழும் சத்தம் கேட்டால் மகனை அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம், நகர்த்தவும் வேண்டாம்.

போகும் நாளைத் தேர்ந்தெடுக்க வசதியிருந்தால் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி பாருங்கள். அந்த நாட்களை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அதிகம். வசந்த காலத்தில் டோக்கியோவில் அப்போது நண்பகல் வாக்கில் கடல் நன்றாக வற்றும். பாதிநிலா நாட்களில் வித்தியாசம் குறைவு. டோக்கியோ துறைமுகத்துக்கான ஏற்றவற்ற நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அந்தத் தேதிக்கே பாருங்கள். குளக்கரைக் கற்களில் தண்ணீர் இறங்கிய இடம் கருப்புப் பட்டையாக ஈரத்தோடு தெரியும், மேலே கல் வெளுத்திருக்கும். வந்ததும் ஒரு கல்லைக் குறித்து வைத்து, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது அதே கல்லை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மதகு கட்டுப்படுத்துவதால் குளத்தில் மாற்றம் கடலில் உள்ள அளவுக்கு இருக்காது; ஆனாலும் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும்.

குளத்தின் நடுத்தீவுக்குப் போகும் மரப்பாலம் 118 மீட்டர் நீளம், ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் ஆனது. மாமியார் நிதானமாகக் கைப்பிடியைப் பிடித்து நடக்கலாம். தீவில் ஒரு தேநீர் இல்லம்: மட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் ஒரு கிண்ணமும் இனிப்பு ஒன்றும் சுமார் ஆயிரம் யென் ஆகும், சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தேநீர். நாக்கில் அந்த இனிப்பு தங்கியிருக்கும்போதுதான் மட்சாவின் கசப்பு இதமாக இறங்கும். மாற்றிச் செய்தால் குழந்தைகள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து கிண்ணம் வாங்க வேண்டாம், பெரியவர்களுக்கு மட்டும் போதும். உள்ளே தரைப்பாயில் கால் மடக்கி உட்கார வேண்டியிருக்கும். வெளியே குளத்தைப் பார்த்தபடி உட்கார இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் கிழியாத காலுறை அவசியம்.

மகளுக்கு இங்கே பிடிக்கப்போவது வாத்து வேட்டைக் களங்கள். 1778-லும் 1791-லும் அமைத்தவை. குளத்திலிருந்து குறுகலான வாய்க்கால்கள் பிரியும். ஒவ்வொன்றின் முனையிலும் மண்மேடு, அதில் எட்டிப் பார்க்க ஒரு சிறு துளை. வேட்டைக்காரர் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து மரப்பலகையைத் தட்டித் தானியம் போடுவார். பழக்கிய வாத்து அந்தச் சத்தத்துக்கு வாய்க்காலுக்குள் நீந்தி வரும், காட்டு வாத்துகள் அதன் பின்னால் வரும், வலை வீசி அள்ளிவிடுவார்கள். பிடிபட்டு இறந்த வாத்துகளுக்காக 1935-ல் எழுப்பிய நினைவு மேடும் அருகிலேயே இருக்கிறது. அதைத் தவறாமல் காட்டுங்கள்.

பூக்களைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த இரண்டும் செர்ரிக்கு முதலிடம் பிடிக்கும் தோட்டங்கள் அல்ல. ஹமா-ரிக்யூவில் செர்ரி மரங்கள் உண்டு, அடுக்கிதழ் வகைகள் ஏப்ரல் நடுவில்தான் பூக்கும். வானுயர்ந்த கட்டடங்களின் அடியில் மஞ்சள் வயலாக விரியும் நனோஹனா, நம் கடுகுப் பூவின் நெருங்கிய உறவு. அது மார்ச்சிலேயே உச்சம் தொட்டுவிடும். டோக்கியோவில் எங்கும் காணும் சோமெய்-யோஷினோ செர்ரி பூக்கத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறையும், அடுத்த வாரத்தில் உதிரும். எல்லாமே ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே மரத்தின் வாரிசுகள், அதனால் ஊரே சேர்ந்து பூக்கும், சேர்ந்தே உதிரும். நீங்கள் போகும் வாரம் அது உச்சத்தில் இருந்தால் வேறொரு நாள் மாலையை அதற்கென்று ஒதுக்குங்கள், இந்த நாளில் கலக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவதே நல்லது. ஜப்பானில் சூப்பு, நூடுல்ஸ் குழம்பு, காய்கறி வேகவைத்தது என்று எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி. பெரும்பாலும் அது கட்ஸுவோ என்ற சூரை மீனைக் காயவைத்துச் சீவிய துருவலில் எடுத்த சாறு. “இறைச்சி இல்லை” என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கும், மீன்சாறு அவர் கணக்கில் வராது. கடையில் வாங்கும் சோற்று உருண்டையில் வெறும் உப்பு போட்டதே ஓரளவு நம்பகம். அதையும் அலைபேசி கேமராவில் மொழிபெயர்த்து, பொருள் பட்டியலில் கட்ஸுவோ இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அறையில் சமையல் வசதி இருந்தால் எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டிக்கொள்ளுங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். ஹமா-ரிக்யூவில் இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம். குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள், டோக்கியோவில் அரிதாகத்தான் கண்ணில் படும். இரண்டு காலிப் பைகள் கொண்டுபோய்க் குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

ஒரு மணிக்குக் கிளம்பினால் கியோசுமிக்கு ஒன்றே முக்காலுக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடைதான். 1878-ல் மிட்சுபிஷி நிறுவனர் இவாசாகி யாதாரோ வாங்கிய இடம். நாடு முழுவதிலுமிருந்து பாறைகளைத் தம் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்களில் ஏற்றி வரச் செய்தார்கள். சதோ தீவின் செந்நிறக் கல், இயோ பகுதியின் நீலப்பச்சைக் கல் என்று பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. “எத்தனை நிறக் கல்?” என்று குழந்தைகளை எண்ணச் சொன்னால் நடை தானாக மெதுவாகும். 1923 நிலநடுக்கத்தில் ஊர் எரிந்தபோது பலரின் உயிரைக் காத்த அடைக்கலம் இது. அடுத்த ஆண்டே கிழக்குப் பாதியை இவாசாகி குடும்பம் நகரத்துக்குக் கொடுத்தது, 1932-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குளத்தின் மேல் நீண்டு நிற்கும் இல்லம் 1909-ல் கிட்செனர் பிரபுவை வரவேற்கக் கட்டியது; அதே ஆண்டுவரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்தான் அதன் அழகு முழுதாகத் தெரியும்.

ஒரு காலத்தில் சுமிதா ஆற்றுத் தண்ணீர் ஏற்றவற்றத்தோடு இந்தக் குளத்துக்குள் வந்து போனது. இப்போது மழைநீர்தான். காலையில் கறுத்த பட்டையைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே அசையாத நீர்மட்டம் உடனே தெரியும். ஆமைகள் கல்லில் வெயில் காயும்.

கவனம் தேவைப்படும் இடம் குளக்கரையோரத் தாண்டுகற்கள். தண்ணீருக்குள்ளேயே கற்களைப் பதித்து நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சின்னக் கல்லில் கால் வைக்கும்போது குனிந்து பார்த்தே ஆக வேண்டும். அகலமான கல் வந்ததும் கால் தானாக நிற்கும், தலை நிமிரும், எதிரே காட்சி விரியும். நம் பார்வையைக் கல்லாலேயே நடத்துகிற வித்தை அது. பலர் தவறுவது படம் எடுக்கும்போது: சின்னக் கல்லில் நின்றுகொண்டு அலைபேசியைத் தூக்குவார்கள், பின்னால் வருபவர் மோதுவார். அகலக் கல்லில் மட்டும் நில்லுங்கள். மகனை ஒருவர் கைப்பிடியில் முன்னால் விடுங்கள். மழை பெய்த ஈரம் இருந்தால் அந்தப் பாதையே வேண்டாம். மாமியார் பக்கத்துத் தரைப்பாதையில் வரலாம், காட்சி எதையும் இழக்கமாட்டார்.

வழியில் எங்காவது கைக்கு அடங்கும் ஒரு கல்லைக் கருங்கயிற்றால் குறுக்கு நெடுக்காகக் கட்டி வைத்திருந்தால், “இந்தப் பக்கம் வராதீர்கள்” என்று அர்த்தம். செகிமோரி-இஷி என்று பெயர். பொட்டலம் போல இருப்பதால் குழந்தைகள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாசி படர்ந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. மரமே இல்லாத ஒரு மேட்டில் அசேலியாச் செடிகளை வரிவரியாகக் கிடையாக நட்டிருப்பார்கள். மேடு ஃபூஜி மலை, செடிவரிசை அதைச் சுற்றிய மேகம்.

நுழைவுக் கட்டணம் ஹமா-ரிக்யூவில் 300 யென், கியோசுமியில் 150. 65 வயதுக்கு மேல் ஏறத்தாழ பாதி (150, 70), ஆறாம் வகுப்பு வரையான குழந்தைகளுக்கு இலவசம். உங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து 1,120 யென். மாமியாரின் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ரயிலில் 5 வயதுக்காரருக்குக் கட்டணமில்லை, மகளுக்குப் பாதி; ரயில் கட்டண அட்டை பயன்படுத்துவதானால் அவளுக்குச் சிறுவர் அட்டையை நிலைய அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வேலைநாள் என்றால் காலை 9 மணிக்கு முன்னால் ரயில் ஏறாதீர்கள். ஓ-எடோ தடத்தின் பெட்டிகள் மற்றவற்றைவிடச் சிறியவை, நெரிசலில் பெரியவரால் நிற்க முடியாது. 9:15-க்கு ஏறி 10 மணிக்கு ஹமா-ரிக்யூவில் இருந்தால் போதும். காலையில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகலாம், பகலில் 15 முதல் 20 வரை. ஹமா-ரிக்யூவில் கடல்காற்று சேர்ந்துகொள்ளும். கனத்த கோட்டு ஒன்றைவிட, கழற்றி மாட்ட வசதியான இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. பாதைகளில் சரளைக்கல் உண்டு, தடித்த அடிப்பாகமுள்ள காலணி மாமியாருக்கு. மடக்கு முக்காலி ஒன்று கொண்டுபோங்கள். வாசலில் சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

கியோசுமியில் நான்கு மணிக்குக் குழந்தைகளுக்குப் பொறுமை தீர்ந்திருக்கும். தோட்டத்தின் மேற்குப் பக்கத்தை ஒட்டியே கியோசுமி பூங்கா, கட்டணம் கிடையாது, ஓடி விளையாடலாம், செர்ரி மரங்களும் அங்கே உண்டு. முக்கால் மணி நேரம் அவர்களை அவிழ்த்துவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் ரயில் ஏறிவிடுங்கள். ஐந்தரைக்கு மேல் மாலை நெரிசல் தொடங்கிவிடும்.