எம்.பி. கேட்ட கேள்வியும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும்

வணக்கம் ஐயா.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பேப்பர் கட்டிங்கையும் படித்தேன். நாட்டில் வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் சொன்ன பதில் ஒன்று. பட்டதாரிகளில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு வேலை இல்லை என்கிற செய்தி இன்னொன்று. கூடவே உங்கள் வாய்ஸ் மெசேஜ்: "படிச்சவனுக்குத்தான் சார் வேலை இல்லைன்னு கவர்மென்ட்டே சொல்லுது. அப்புறம் எதுக்கு மூணு வருஷம் ஃபீஸ் கட்டணும்? பேசாம கடையிலேயே உட்கார வச்சிரலாமா?"

தம்பிக்கு, அதாவது உங்கள் மகனுக்கு, பி.காம். சீட் உறுதியாகி, பணம் கட்ட நாள் நெருங்கும்போது இப்படி ஒரு பயம் வருவது இயல்புதான். ஆனால் அந்த இரண்டு எண்ணும் நீங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை.

இரண்டுமே பொய் இல்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் கணக்கெடுப்புதான் அந்த இடம். 2023-24 கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வேலையின்மை 3.2 சதவீதம். 15 முதல் 29 வயது வரை மட்டும் எடுத்தால் 10.2. அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கில் பட்டதாரிகளை மட்டும் பிரித்தால் 13.4. ஆளுங்கட்சிக்காரர் முதல் எண்ணைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் கடைசி எண்ணைச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கணக்கெடுப்பு அலுவலர் கையில் டேப்லெட்டோடு வந்து தம்பியைக் கேட்கிறார்: "போன வாரம் என்ன வேலை பார்த்தீங்க?" தம்பி, "வேலை எதுவும் இல்லை சார், அப்பா சாப்பிடப் போனப்ப கொஞ்ச நேரம் கடையில இருந்தேன், ரெண்டு பெயிண்ட் டப்பா வித்தேன்" என்கிறான். இந்தக் கணக்கெடுப்பு கடந்த ஏழு நாளை வைத்தும் எண்ணும், கடந்த ஒரு வருடத்தை வைத்தும் எண்ணும். வாராந்திர முறைப்படி, அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும், வேலையில் இருப்பவர். சம்பளம் ஒரு பைசா வாங்காவிட்டாலும் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்' என்று அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஆண்டு முறையில், வருடத்தில் முப்பது நாளாவது அப்படிக் கடையைப் பார்த்திருந்தால் அங்கேயும் அவன் வேலையில் இருப்பவன்தான்.

ஆக, நீங்கள் தம்பியைக் கடையில் உட்காரவைத்தால் நாட்டின் வேலையின்மை விகிதம் கடுகளவு குறையும். அவன் வாழ்க்கை அதனால் முன்னேறுமா என்பது வேறு கேள்வி. வேலையில் இருப்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள், மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம் மட்டுமே என்று அதே 2023-24 கணக்கு சொல்கிறது. உங்கள் கட்டிங்கில் இந்த வரி இல்லை. தலைப்புக்கு ஆகாது என்று விட்டிருப்பார்கள்.

சரி, படித்தவர்களிடம் மட்டும் ஏன் வேலையின்மை கூடுதலாகத் தெரிகிறது? வேலை இல்லாமல் இருக்கவும் கொஞ்சம் வசதி வேண்டும் ஐயா. அன்றாடம் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டுப் பையன் கிடைத்த வேலைக்குப் போய்விடுவான். சித்தாள் வேலையோ, ஹோட்டலில் டேபிள் துடைப்பதோ, எதுவானாலும் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன். பட்டம் வாங்கியவன், அப்பா சோறு போடுகிற தைரியத்தில், தகுதிக்கு ஏற்றது வரட்டும் என்று ஆறு மாதமோ இரண்டு வருடமோ காத்திருப்பான். அந்தக் காத்திருப்புக்கும் அந்தப் பதின்மூன்றில் பங்கு உண்டு.

நம்பிக்கை வரவில்லையென்றால் மாநிலங்களைப் பாருங்கள். 2023-24இல் இளைஞர் வேலையின்மை கேரளத்தில் 29.9 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 2.6 சதவீதம். இந்த எண்ணை மட்டும் நம்பினால் மலையாளிப் பையன்கள் எல்லாம் போபாலுக்கு ரயில் ஏற வேண்டும். நடப்பது நேர்மாறு. வடக்கிலிருந்து கேரளத்துக்குத்தான் ரயில் நிரம்பி வருகிறது.

இதற்காக எண்களைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. என்னை உண்மையிலேயே உலுக்கிய நாடாளுமன்றப் பதில் ஒன்று உண்டு. 2022 ஜூலையில் மக்களவையில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு மத்திய இணையமைச்சர் ஜிதேந்திர சிங் எழுத்துமூலம் தந்தது. 2014-15 முதல் 2021-22 வரை எட்டு ஆண்டுகளில் மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி. பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்குச் சுமார் 305 விண்ணப்பம். ஒரே ஆள் பத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்தால் பத்தாகத்தான் எண்ணப்படும், அதையும் மனதில் வையுங்கள். அப்படியும் இது சின்ன எண் அல்ல. நம் ஊரிலும் அதே கதைதான்: 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கு மேல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டிகிரி முடித்ததும் குரூப் 4 எழுதப்போவதாக தம்பி என்னிடம் சொன்னான். எழுதட்டும். ஆனால் இரண்டு முறை, அதுவும் ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே. 'கோச்சிங்' என்று நாலு வருடம் ரூம் எடுத்துத் தங்குவது எனக்கு உடன்பாடில்லை. கல்லூரிக்குப் பயப்படுகிற நீங்கள் இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறை வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பில் இந்தக் கணக்கு வரும். 2022 வாக்கில் 67 லட்சத்துக்கு மேல் பதிவு இருந்தது. அத்தனை பேரும் வேலையில்லாதவர்கள் அல்லர். தனியார் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டே பதிவைப் புதுப்பிப்பவர் ஏராளம். என் மனைவியே பல வருடம் அப்படித்தான் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் பதிந்துவிடுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

எம்.பி.க்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அவர்களுக்குக் கிடைக்கும் பதிலை அல்ல, கேள்வி கேட்கும் முறையை. மக்களவைக் கேள்விகள் இணையத்தில் கிடக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். இப்படி ஒரு திட்டம் இருக்கிறதா. இருந்தால் ஆண்டுவாரியாக விவரம் என்ன. இல்லையென்றால் காரணம் என்ன. தப்பிக்க இடம் கொடுக்காத கேள்வி. அப்படியும் தப்பிப்பார்கள். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று ஒரு பதில், 'இந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை' என்று இன்னொரு பதில்.

கல்லூரி அட்மிஷன் ஆபீசிலும் இதே இரண்டு பதிலும் வேறு வார்த்தையில் வரும். சில வருடம் முன்பு நானே ஏமாந்தேன். ஒரு கல்லூரியின் பளபளப்பான நோட்டீசில் '95% பிளேஸ்மென்ட்' என்று பார்த்து, தெரிந்த பெண்ணொருத்தியை அங்கே சேரச் சொன்னேன். படிப்பு முடிந்து அவள் வந்து சொன்ன பிறகுதான் கணக்கு புரிந்தது. அரியர் இல்லாமல், பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் அறுபது சதவீதம் வைத்து, பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் அந்த நூறு. அவள் வகுப்பில் பாதிப் பேர் அந்த நூறிலேயே சேரவில்லை. கணக்கெடுப்பு அலுவலர் தம்பியை 'வேலையில் இருப்பவர்' பெட்டியில் போட்டாரே, கிட்டத்தட்ட அதே வேலை.

ஆகவே பணம் கட்டும் முன், நேரில் போய் இந்த மூன்றையும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் பி.காம். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மூன்றே வருடத்தில் முடித்து வெளியேறியவர்கள் எத்தனை பேர்?

(ஆ) அவர்களில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர்? ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் அதை ஒன்றாக எண்ணினீர்களா, மூன்றாகவா?

(இ) சம்பளத்தில் நடு எண், அதாவது எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக எழுதினால் சரியாக நடுவில் வருவது, என்ன? அதிகபட்சம் வேண்டாம், ஒரு பையன் பெங்களூரு போய் வாங்கியதை வைத்து மற்ற எழுபது பேர் குடும்பம் நடத்த முடியாது.

அவர்கள் முகம் சுளித்தால் இன்னொரு வழி உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் கலந்துகொள்கிற கல்லூரி, தான் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். சேர்ந்தவர், முடித்தவர், வேலைக்குப் போனவர், நடுச்சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும். தம்பியையே தேடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. நோட்டீசில் உள்ள எண்ணையும் அட்டவணையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியே போதும். அங்கே மிச்சமாகிற ஃபீஸில் டேலியும் ஜி.எஸ்.டி. கணக்கும் படிக்கவைத்து, ஓர் ஆடிட்டர் ஆபீசில் சாயங்கால வேலைக்கு அனுப்பலாம்.

கடையைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவனைக் கடையில் வைப்பது தவறு என்று நான் சொல்லவே இல்லை. வைப்பதானால் மாதச் சம்பளம் பேசி வையுங்கள், கொள்முதல் கணக்கை அவன் கையில் கொடுங்கள். நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்துக்கு மட்டும் உட்காருகிற ஆளாக வைக்காதீர்கள்.

கல்லூரியில் எழுதித் தருகிற பதிலை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். தம்பியும் வரட்டும், போன தடவை முழுக்க நீங்களே பேசிவிட்டீர்கள்.