இணைதிறன் 2.83 ஆக இருக்க முடியுமா?

கேள்வி: இட்டெர்பியம் என்ற அருமண் உலோகம் அடங்கிய ஓர் உலோகச் சேர்மத்தில் அதன் இணைதிறன் 2.83 என்றும், வெப்பநிலை உயர்ந்தால் அது 3-ஐ நெருங்குகிறது என்றும் படித்தேன். இணைதிறன் முழு எண் அல்லவா?

பதில்: இணைதிறன், அதாவது ஓர் அணு விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, தனித்து நிற்கும் அயனிக்கு முழு எண்தான். நீங்கள் படித்தது பெரும்பாலும் இட்டெர்பியம், இண்டியம், செம்பு மூன்றும் சேர்ந்த YbInCu4 என்ற சேர்மத்தைப் பற்றியதாக இருக்கும். அதில் இட்டெர்பியத்தின் 4f எனப்படும் உள் எலக்ட்ரான் கூட்டில் 13 எலக்ட்ரான்கள் இருந்தால் இணைதிறன் 3. அப்போது அந்த அணுவுக்குக் காந்தத் திருப்புத்திறன் உண்டு, அதாவது அது ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்ளும். 14 இருந்தால் கூடு நிரம்பிவிடுகிறது. இணைதிறன் 2, காந்தத்தன்மை இல்லை. இவ்விரு நிலைகளின் ஆற்றலும் நெருங்கியிருப்பதால், உலோகத்தில் மின்சாரத்தைச் சுமந்து திரியும் கடத்தல் எலக்ட்ரான்களுக்கும் 4f கூட்டுக்கும் இடையே போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது. 2.83 என்பது சில அணுக்கள் இரண்டாகவும் சில மூன்றாகவும் பிரிந்து நிற்பதன் சராசரி அன்று. படிகத்தில் இட்டெர்பியம் அமரும் இடங்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை. ஒவ்வோர் அணுவுமே இரு நிலைகளின் குவாண்டம் கலவையாக இருக்கிறது.

இதை அளக்கும் வழி அழகானது. எக்ஸ் கதிர் உட்கவர்தல் நிறமாலையில் இணைதிறன் 2-க்கு ஒரு முகடும், அதைவிட ஏறத்தாழ 7 அல்லது 8 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்த ஆற்றலில் இணைதிறன் 3-க்கு இன்னொரு முகடும் தோன்றும். எக்ஸ் கதிர் உட்கவரப்படும் நேரம் எலக்ட்ரான் வந்து போகும் நேரத்தைவிட மிகக் குறைவு என்பதால் இரண்டு நிலைகளும் தனித்தனியே பதிவாகின்றன. முகடுகளின் பரப்பு விகிதத்திலிருந்து இணைதிறன் கிடைக்கிறது. யூரோப்பியம் என்ற இன்னோர் அருமண் உலோகத்தின் சேர்மங்களில் செய்யப்படும், அணுக்கரு காமா கதிரை உட்கவர்வதை நோக்கும் மோஸ்பவர் அளவீடோ மிக மெதுவானது. ஆகவே அங்கே இரண்டு கோடுகளுக்குப் பதிலாக, வெப்பநிலையோடு நகரும் ஒரே சராசரிக் கோடு காணப்படுகிறது. ஒரே அணுவே இரு நிலைகளுக்கிடையே மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் அறியேன்.

இனி வெப்பநிலை. காந்த மாசு சிறிதளவே உள்ள உலோகத்தைக் குளிர்விக்கும்போது அதன் மின்தடை ஒரு கட்டத்துக்குக் கீழே மீண்டும் ஏறுவது ஏன் என்பதை 1964இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கொண்டோ விளக்கினார். அந்த விளைவே இங்கும் செயல்படுகிறது: தாழ்ந்த வெப்பநிலையில் கடத்தல் எலக்ட்ரான்கள் 4f கூட்டின் காந்தத் திருப்புத்திறனோடு பிணைந்து அதை மறைத்துவிடுகின்றன; அந்தப் பிணைப்பில் 14 எலக்ட்ரான் நிலையின் பங்கும் கலந்திருப்பதால் இணைதிறன் 3-ஐவிடக் குறைகிறது. சூடேறும்போது என்ட்ரோபி, அதாவது ஓர் அமைப்பு எத்தனை நிலைகளில் இருக்கக்கூடும் என்பதன் அளவு, மேலோங்குகிறது. இணைதிறன் 3 உள்ள அயனிக்கு எட்டு காந்த நிலைகள் உண்டு, நிரம்பிய கூட்டுக்கோ ஒரே ஒரு நிலைதான். எனவே வெப்பம் காந்த நிலையின் பக்கமே சாய்கிறது. இந்த மாற்றத்துக்கான அளவுகோல், எந்த வெப்பநிலைக்குக் கீழே அந்தப் பிணைப்பு நிலைபெறுகிறது என்பதைக் காட்டும் கொண்டோ வெப்பநிலை. அது 600 கெல்வினுக்கும் மேல் உள்ள YbAl3 சேர்மத்தில் இணைதிறன் மெல்ல மெல்லவே உயர்கிறது. YbInCu4 இதற்கு விதிவிலக்கு: குளிர்விக்கும்போது ஏறத்தாழ 42 கெல்வினில் இணைதிறன் திடீரென 2.97-இலிருந்து 2.83 அளவுக்கு இறங்குகிறது, கொண்டோ வெப்பநிலை சுமார் 25 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குத் தாவுகிறது, படிகத்தின் கன அளவு அரை விழுக்காடு கூடுகிறது. படிகத்தின் சமச்சீர்மை மட்டும் மாறுவதில்லை.

கேள்வி: இன்னோர் அருமண் உலோகமான சீரியத்திலும் இப்படித்தானா?

பதில்: காரணம் ஒன்றே, எண் நகரும் திசைதான் வேறு. சீரியத்தில் 4f எலக்ட்ரான் ஒன்று இருந்தால் இணைதிறன் 3, அதுவும் இல்லையெனில் 4. ஆகவே குளிரில் இணைதிறன் 3-க்குச் சற்று மேலே இருந்து, சூடேறும்போது 3-ஐ நோக்கி இறங்குகிறது. தூய சீரியத்தை அறை வெப்பநிலையில் சுமார் 0.8 கிகாபாஸ்கல் அழுத்தினால் கன அளவு ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்குகிறது. 4f எலக்ட்ரான் முழுவதுமாக வெளியேறி இணைதிறன் 4 ஆகிவிடுகிறது என்று முன்பு கருதினார்கள். ஆனால் அளவீடுகளில் 4f எலக்ட்ரான் எண்ணிக்கை சிறிதளவே மாறுவது தெரிந்தது. அந்த எலக்ட்ரான் பெரும்பாலும் கூட்டிலேயே இருக்கிறது, கடத்தல் எலக்ட்ரான்களுடனான அதன் கொண்டோ பிணைப்பு வலுப்பெறுவதே சுருக்கத்துக்குக் காரணம் என்று 1982இல் இயற்பியலாளர்கள் ஆலனும் மார்ட்டினும் முன்வைத்த விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.