யாழ்ப்பாணக் காற்றில் ஒரு ஃபிளமெங்கோ கிற்றார்: கேள்வி பதில்

கடந்த பதினெட்டு ஆண்டுகளில் எனது வீட்டின் பின்விறாந்தையில் ஏழு கிற்றார்களைச் செய்திருக்கிறேன். அவற்றுள் நான்கு, ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மரபைப் பின்பற்றியவை. நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். ஓய்வு நேரத்தில், பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றவன். இந்தக் கருவியைச் செய்ய விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு, எனது கைப்பட அறிந்தவற்றைக் கொண்டு இங்கே பதில் தருகிறேன்.

கோண்டாவிலிலிருந்து: ஐயா, கிளாசிக்கல் கிற்றாருக்கும் ஃபிளமெங்கோ கிற்றாருக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒன்றைச் செய்யப் பழகினால் மற்றதற்கும் அதுவே போதாதா?

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த கிற்றார்க் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) நிலைப்படுத்திய உடலமைப்பும், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய சட்டங்களும், 650 மில்லிமீற்றர் தந்தி நீளமும் இரண்டுக்கும் பொதுவானவை. வேறுபாடு கருவியின் நிறையிலும் உடலின் ஆழத்திலும் தந்தியின் உயரத்திலும் இருக்கிறது. கிளாசிக்கல் கலைஞர் ஒரு சுரம் நீண்டு நின்று ஒலிப்பதை விரும்புவார். ஃபிளமெங்கோ கலைஞரோ பாடுபவரின் குரலுக்கும் ஆடுபவரின் காலடிக்கும் துணைபோகிறவர். ஆகவே சுரம் சட்டென்று வெடித்து எழவேண்டும், அடுத்த அடி விழுமுன் விலகி வழிவிடவும் வேண்டும். அதற்காகவே முதுகுக்கும் பக்கங்களுக்கும் இலேசான சைப்பிரஸ் மரத்தை ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி, பக்கத்தின் ஆழத்தையும் 95 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் வைக்கிறார்கள். வெளிர் மஞ்சள் நிறமுடைய இந்த வகைக்கு ‘பிளாங்கா’ என்றும், கருமையான ஈட்டி மரத்தில் செய்வதற்கு ‘நெக்ரா’ என்றும் பெயர். முதற்தடவை செய்பவர் பிளாங்காவையே செய்யவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

சாவகச்சேரியிலிருந்து: எங்கள் பரம்பரை தச்சுத் தொழில். முதிரையும் வேம்பும் பலாவும் வீட்டிலேயே இருக்கின்றன. சைப்பிரஸுக்குப் பதிலாக அவற்றைப் பயன்படுத்தலாமா?

உங்களுக்குக் கைப்பழக்கம் இருப்பது பெரும் பேறு. ஆனால் தளபாடம் செய்யும் கை, மரத்தின் உறுதியைத் தேடும். இந்தக் கருவி உறுதியை மிக மட்டாகவே கேட்கிறது. ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் 40 கிலோ அளவிலான விசையைத் தாங்கினால் போதும். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமும் ஒலியைத் தின்றுவிடும். சைப்பிரஸ் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 500 கிலோ நிறைகொள்ளும். முதிரையோ 900 கிலோவை எட்டும். அழகில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதைச் சூடான குழாயில் வளைப்பதும் கடினம், வளைத்தபின் கருவி கனத்துப்போவதும் உறுதி. வேம்பின் நார் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால், மெல்லிதாகச் சீவும்போது துகள் துகளாகப் பெயர்ந்து வரும். பலா நமது வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உரிய மரம். குடைந்து செய்யும் கருவியில் அது காட்டும் குணத்தை இரண்டு மில்லிமீற்றர்ப் பலகையில் எதிர்பார்க்க முடியாது என்றாலும், வைரம் மட்டும் தெரிந்தெடுத்து வெளிறு நீக்கிய நேர்நார்ப் பலகை கிடைத்தால் முயன்று பார்க்கலாம். மரக்காலையில் கிடைப்பவற்றுள் எனக்குக் கைகொடுத்தது மகோகனி. அது கழுத்துக்கு மிகவும் ஏற்றது. பக்கங்களுக்கும் முதுகுக்கும் பயன்படுத்தியபோது ஒலி சற்று மென்மையாக வந்தது, ஆனால் கருவி இலேசாகவே இருந்தது.

முதுகு மரத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவோருக்கு டோரஸ் 1862இல் செய்த ஒரு கிற்றாரை நினைவூட்டுவது எனது வழக்கம். மேற்பலகையை மரத்திலும், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையிலும் செய்து, ஒலியின் உயிர் மேற்பலகையிலேயே தங்கியிருக்கிறது என்று காட்டினார். அந்தக் கருவி இன்றும் பார்சிலோனாவின் இசை அரும்பொருளகத்தில் உள்ளது. ஆகையால் உள்ளூர் மரத்தை மற்ற இடங்களில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேற்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தை வரவழையுங்கள்.

மானிப்பாயிலிருந்து: எனது அண்ணா கனடாவிலிருந்து ஆடி மாதம் வருகிறார். எவற்றைக் கொண்டுவரச் சொல்வது?

ஒரே துண்டிலிருந்து பிளந்து புத்தகம்போல் விரித்த இரட்டை ஸ்ப்ரூஸ் பலகை, விரற்பலகையில் குறுக்காகப் பதிக்கும் பிரெட் கம்பி, மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் கட்டைக்குரிய எலும்புத் துண்டு ஆகிய மூன்றும் போதும். பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தால் ஆண்டு வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். ஈட்டிப் பலகை கேட்கவேண்டாம். 2017 தொடக்கம் ஈட்டி இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் உள்ளது. முடிவடைந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்ததே தவிர, வெறும் பலகைக்குக் கிடைக்கவில்லை. விரற்பலகைக்கு வேண்டிய கருங்காலியை நான் உடைந்த பழைய கட்டிலின் காலிலிருந்து அறுத்தெடுத்தேன். காட்டுக் கருங்காலி தருகிறேன் என்று எவரேனும் வந்தால் அதைத் தொடாதீர்கள்.

பருத்தித்துறையிலிருந்து: நான் ஆசையோடு செய்த கிற்றாரின் மேற்பலகை, கொழும்பில் குளிரூட்டிய மண்டபமொன்றில் இரண்டு நாள் வைத்திருந்தபோது நார் ஓட்டத்தோடு வெடித்துவிட்டது. மரம் பழுதா?

உங்கள் மரத்தில் குறையில்லை. எனது முதற் கிற்றாருக்கும் இதே கதி நேர்ந்தது. அதை நான் கார்த்திகை மழையில் ஒட்டியிருந்தேன். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது மண்ணில் கிற்றார் செய்வதன் முக்காற்பங்கு சிக்கல் இதற்குள் அடங்கியிருக்கிறது.

மரம் தன்னைச் சூழ்ந்த காற்றுக்கு ஏற்ப ஈரத்தை உறிஞ்சும், விடும். சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பத வீதம்) 80 சதவீதமாக இருக்கும் காற்றில் மரத்தின் நிறையில் ஏறத்தாழ 16 சதவீதம் நீராக இருக்கும். 50 சதவீதக் காற்றில் அது 9 சதவீதமாகக் குறையும். இந்த மாற்றத்தில் ஸ்ப்ரூஸ் பலகை நார் ஓடும் திசையில் அசையாது. அகலத்தில் மட்டும், 360 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் சுருங்கும். உட்புறத்தில் குறுக்காக ஒட்டிய சட்டங்கள் அந்தச் சுருக்கத்துக்கு இடம்கொடாமல் பிடித்து நிற்பதால் பலகை பிளக்கிறது. உலர்ந்த நிலையில் ஒட்டிய பலகை பிற்பாடு ஈரமேறினால், சற்றுப் புடைக்குமே தவிர வெடிக்காது. ஆகவே ஸ்பெயின்காரர் ஒட்டும் 50 சதவீதச் சூழலை நாமும் உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பழைய அலுமாரி ஒன்றுக்குள் 60 வாற்று இழைக் குமிழ் ஒன்றைப் பலகையில் படாதவாறு தொங்கவிட்டு, ஓர் ஈரமானியையும் வையுங்கள். 30 பாகை வெப்பத்தில் 75 சதவீதமாக உள்ள காற்றை 38 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சாரீரப்பதன் 48 சதவீதமாக இறங்கிவிடும். பலகைகளையும் சட்டங்களையும் இரண்டு கிழமை அதற்குள் வைத்திருந்து, வெளியே எடுத்தவுடன் ஒட்டவேண்டும். மெல்லிய பலகை ஒரு பிற்பகலுக்குள்ளேயே ஈரத்தை மீட்டுக்கொள்ளத் தொடங்கும். ஒட்டியதைப் பசை காயும்வரை மீண்டும் அலுமாரிக்குள் வையுங்கள். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த ஐப்பசி, கார்த்திகையில் நான் சட்டம் ஒட்டுவதே இல்லை. அந்த மாதங்களில் கழுத்தைச் செதுக்குவேன், உளி தீட்டுவேன்.

வெடித்த கருவியைக் கைவிடவேண்டாம். அதே அலுமாரியில் உலரவிட்டு, பிளவு முழுதாக விரிந்தபின் ஸ்ப்ரூஸ் சீவலொன்றை அதற்குள் பசையோடு இறக்கலாம்.

நல்லூரிலிருந்து, வீணை பயிலும் மாணவி: வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்துக் காதால் சரிபார்ப்போம். கிற்றாரின் பிரெட்டுகளுக்கு எப்படி இடம் குறிப்பது?

நல்ல கேள்வி, தங்கச்சி. மெழுகு நமக்குத் திருத்தும் வாய்ப்பைத் தருகிறது. கிற்றாரில் வாளால் வெட்டிய பள்ளம் வெட்டியதுதான். தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதற் பிரெட்டின் தூரம் வரும். 650 மில்லிமீற்றருக்கு அது 36.48. எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே தொடரலாம். பன்னிரண்டாவது பிரெட் சரிபாதியான 325இல் விழுந்தால் உங்கள் கணக்குச் சரி. ஒவ்வொரு தூரத்தையும் மேல்முனையிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அளந்தால் சிறு வழுக்கள் கூடிப் பெருகும். தந்தியை அழுத்தும்போது சுருதி சிறிது ஏறுவதால், குதிரையின் எலும்பை மட்டும் கணக்கிட்ட இடத்துக்கு அப்பால் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தள்ளிவைக்கவேண்டும்.

சுன்னாகத்திலிருந்து: செய்து முடித்த கருவியில் தந்தி மேற்பலகையிலிருந்து மிக உயரமாக நிற்கிறது. எலும்பை அராவிக் குறைத்தேன்; இனிக் குறைக்க எலும்பே இல்லை. எங்கே தவறினேன்?

தவறு எலும்பில் நிகழவில்லை. உடலை மூடுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஃபிளமெங்கோ கிற்றாரில் பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேல் தடித்த தந்தி மூன்று மில்லிமீற்றரிலும், குதிரையருகே மேற்பலகைக்கு மேல் எட்டு மில்லிமீற்றரிலும் நிற்கவேண்டும். விரல்கள் தந்தியை விசிறியடித்த கணமே பலகையைத் தட்டவேண்டியிருப்பதால் இந்தத் தாழ்வு இன்றியமையாதது. கணக்கைப் பாருங்கள்: விரற்பலகை ஆறு, பிரெட் ஒன்று, பன்னிரண்டாவதில் மூன்று என்றால் குதிரையில் அதன் இருமடங்கான ஆறு, கூட்டினால் 13. மேற்பலகையின் புடைப்பு இரண்டைக் கழித்தால் 11. எஞ்சிய மூன்றையும் கழிக்க ஒரேயொரு வழி, கழுத்தின் தலைப்பக்கம் மூன்று மில்லிமீற்றர் முன்னோக்கி உயர்ந்திருக்குமாறு ஒட்டுவதே. ஸ்பானிய முறையில் பக்கப் பலகைகள் கழுத்தின் அடிக்கட்டையில் வெட்டிய பள்ளங்களுக்குள் செருகி ஒன்றாகிவிடுவதால், பின்னர் கழுத்தைக் கழற்றிச் சரிசெய்ய இயலாது. ஆகவே கருவியைக் குப்புற வைத்துக் கட்டும் ‘சொலேரா’ என்னும் அச்சுப்பலகையிலேயே அந்தச் சரிவை அமைத்துவிடவேண்டும்.

உங்கள் கருவிக்கு இன்னும் மருந்துண்டு. பிரெட்டுகளைப் பிடுங்கி, விரற்பலகையை ஒலித்துளையின் பக்கம் தாழ்ந்துவருமாறு சரிவாகச் சீவி, மீண்டும் பிரெட் பதியுங்கள். குதிரையையும் அதற்கேற்பத் தாழ்த்தினால் ஒன்றரை மில்லிமீற்றர்வரை மீட்கலாம்.

வட்டுக்கோட்டையிலிருந்து: பசை எது? பூச்சு எது?

சட்டங்களுக்கும் குதிரைக்கும் 60 பாகையில் காய்ச்சிய வச்சிரப் பசையையே விரும்புகிறேன். வெப்பமும் ஈரமும் கொடுத்தால் இணைப்பைத் திறந்து திருத்தலாம். அதே காரணத்தால், கருவியை நண்பகல் வெயிலில் வாகனத்துக்குள் விட்டுச்செல்லக் கூடாது. பூச்சுக்கு, ஸ்பிரிற்றில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தால் மிக மெல்லிதாகத் தேய்த்தேற்றுங்கள். மழைநாளில் பூசினால் வெண்புகைபோல் படரும்; வெயில் ஏறிய உலர்ந்த நாளில் செய்யுங்கள். விரல் தட்டும் இடத்தில் ஒட்டும் ஒளிபுகும் தகடு கால் மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் ஒலியை அடக்கிவிடும். அதை அரக்கு நன்கு இறுகியபின், ஒரு மாதமாவது கழித்து ஒட்டுங்கள்.