ஓதுன் பேராலய வாயில் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், ஓதுன் நகரப் புனித லாசர் பேராலயத்தின் மேற்கு வாயிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். ஏமாற்றம்தான். உலக முடிவில் கிறிஸ்து எல்லாருக்கும் தீர்ப்பளிக்கும் பொதுத்தீர்வைக் காட்சியில் எல்லாரும் இழுத்து நீட்டிய குச்சிகளாக நிற்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு உடலமைப்பு தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீங்கள் நினைப்பதைத்தான் 1766இல் அந்தப் பேராலயத்துக் குருமார்களும் நினைத்தார்கள். வாயிலுக்கு மேலுள்ள அந்த அரைவட்டச் சிற்பம் அவர்கள் கண்ணுக்கு அவலட்சணமாகப் பட்டது. முழுவதையும் சாந்து பூசி மறைத்தார்கள். கிறிஸ்துவின் தலை மட்டும் புடைத்துக்கொண்டு நின்றதால் அதை உடைத்தெடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் எத்தனையோ ஆலய வாயில்கள் சிதைக்கப்பட்டபோது, இது சாந்துக்குள் பத்திரமாக இருந்தது. 1837இல் பூச்சைப் பெயர்த்தார்கள். தலை மீண்டும் உடலோடு சேர 1948 ஆனது.

சிற்பிக்கு உடல் தெரியாது என்கிறீர்கள். அதே ஊரின் ரோலாங் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏவாளை நீங்கள் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அவள் இதே பேராலயத்தின் வடக்கு வாயில் உத்தரக் கல்லில் இருந்தவள். அந்த வாயிலைக் கலைத்தபோது கல் ஒரு வீட்டுச் சுவருக்குப் போனது. 1856இல் வீட்டை இடித்தபோதுதான் வெளியே வந்தது. ஏறத்தாழ 130 செ.மீ. நீளக் கல். இலைகளுக்கு நடுவே நீந்துவதுபோல் படுத்திருக்கிறாள். ஒரு கை கன்னத்தருகே, யாரிடமோ ரகசியம் பேசுவதுபோல். மறு கை பின்னால் நீண்டு, பார்க்காமலே கனியைப் பற்றுகிறது. கிளையை அவள் பக்கம் வளைத்துத் தருகிறது சாத்தானின் நகம். இடுப்பின் வளைவையும் தோளின் மென்மையையும் கல்லில் இப்படிக் கொண்டுவந்த பட்டறைக்கா உடல் தெரியாது?

மேற்கு வாயிலில் உடல் நீள்வதும் குறுகுவதும் காரணத்தோடுதான். கிறிஸ்துவே எல்லாரையும்விடப் பெரியவர். ஆன்மாக்களைத் தராசில் நிறுக்கும் அதிதூதர் மிக்கேல் நெடிது உயர்ந்திருக்கிறார். அவருடைய அங்கியின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு குட்டி ஆன்மாக்கள் ஒளிந்திருக்கின்றன, அந்நியரைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைக்கும் குழந்தைகளைப்போல. எதிரே ஒரு பேய் தராசைத் தன் பக்கம் இழுக்கிறது. மிக்கேல் நம் உயரத்தில் நின்றிருந்தால் அந்தக் குழந்தைகள் எங்கே ஒளிவார்கள்?

கீழே உத்தரத்தில், தண்டனைக்குரியவர்களின் வரிசையில், இரண்டு பெரிய கைகள் மட்டும் மேலிருந்து இறங்கி ஒருவனுடைய தலையைக் கவ்வித் தூக்குகின்றன. கைகளுக்கு உரியவன் கண்ணில் படுவதில்லை. முதல் முறை அதன் கீழே நின்றபோது என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. 'டெரியட் ஹிக் டெரர் குவோஸ் டெரியஸ் அலிகாட் எரர்' என்று அங்கே லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். 'மண்ணின் பிழையில் கட்டுண்டவர்களை இந்த அச்சம் அச்சுறுத்தட்டும்' என்று பொருள். டெரர், எரர் என்ற அந்த இயைபைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பறை அடிப்பது கேட்கும்.

கிறிஸ்துவின் காலடியில் 'கிஸ்லெபெர்டுஸ் இதைச் செய்தான்' என்ற வரியும் உண்டு. அது சிற்பியின் பெயரல்ல, புரவலர் ஒருவரின் பெயர் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உளி பிடித்தவனின் பெயர் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு முறை போவீர்களானால் உத்தரத்தின் இடப்பக்கம், மீட்கப்பட்டவர்களின் வரிசையைப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவர்களில் இரண்டு பேர் தோளில் பை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பையில் சிலுவை: எருசலேமுக்குப் போய் வந்தவர். மற்றொன்றில் சிப்பி: ஸ்பெயினில் இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறைவரை நடந்தவர். சுற்றிலும் பலர் வெறும் உடம்போடு எழுந்து நிற்க, இவர்கள் பையை விடவில்லை.

அன்புடன்.