ஐந்தாவது ஓட்டு

கேள்வி: அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை, சம ஊதியச் சட்டம் எல்லாம் எப்போதோ வந்துவிட்டன. அப்புறமும் ஆண்-பெண் சமத்துவத்தை அரசியல் சட்டத்தில் எழுதியே ஆகவேண்டும் என்று நூறு வருடமாகப் போராடுவது ஏன்? ஒரு வரியால் என்ன மாறிவிடும்?

பதில்: அந்த ஒரு வரி இல்லாமல் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஷாரன் ஃபிரான்டியரோ விமானப் படையில் லெப்டினன்ட். ஆண் அதிகாரி என்றால் மனைவிக்கான வீட்டுப்படியும் மருத்துவ வசதியும் தானாகவே கிடைக்கும். இவர் கணவருக்குக் கேட்டபோது, அவருடைய செலவில் பாதிக்கு மேல் தான்தான் தருவதாக நிரூபிக்கச் சொன்னார்கள். வழக்குப் போட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 8 பேர் அவர் பக்கம் நின்றார்கள்.

வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. நிறப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லுமா என்று சோதிக்கும் அதே கடுமையோடு பாலினப் பாகுபாடு காட்டும் சட்டத்தையும் சோதிக்க வேண்டும் என்று நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். இன்னும் ஒருவர் சேர்ந்திருந்தால் நாடு முழுவதற்கும் அதுவே விதி. நீதிபதி பவலும் இன்னும் இருவரும் சேர மறுத்தார்கள். நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரி, அதாவது அரசியல் சட்டத்துக்கான சம உரிமைத் திருத்தம், ஒப்புதலுக்காக மாநிலங்களின் முன்னால் இருக்கிறது, நாம் முந்திக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சரி, மாநிலங்கள் என்ன செய்தன? 1923-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வைத்த திருத்தம் 1972-ல்தான் இரு அவைகளையும் தாண்டியிருந்தது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும், 35-லேயே நின்றுவிட்டது. பெண்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு இழுப்பார்கள் என்று திருத்தத்தை எதிர்த்த ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற பெண்மணி செய்த பிரச்சாரம் எடுபட்டது. மாநிலங்கள் ஒப்புதல் தர காங்கிரஸ் வைத்திருந்த கெடுவை நீட்டித்தும், அதுவும் 1982-ல் முடிந்தது. வராத திருத்தத்தைக் காட்டி, கிடைக்கவேண்டிய தீர்ப்பையும் தள்ளிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 1976-லிருந்து பாலினப் பாகுபாட்டுக்கு நீதிமன்றம் வைத்திருப்பது, நிறப் பாகுபாட்டுக்கு உள்ளதைவிட ஒரு படி இளகிய சோதனை.

நீங்கள் சொல்லும் சம ஊதியச் சட்டம் 1963-ல் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் காங்கிரஸ் போட்ட சட்டத்தைக் காங்கிரஸே நாளைக்கு எடுத்துவிடலாம். அரசியல் சட்டத்திலேயே ஏறிய பெண்ணுரிமை 1920-ல் வந்த ஓட்டுரிமை ஒன்றுதான்.

கெடு முடிந்த பிறகும் மேலும் மாநிலங்கள் ஏற்றன; 2020-ல் வர்ஜீனியா 38-வது மாநிலமாக ஒப்புதல் தந்தது. கெடு முடிந்துவிட்டது, ஐந்து மாநிலங்கள் முன்பே ஒப்புதலை வாபஸ் வாங்கிவிட்டன என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். கெடுவை வைத்தது காங்கிரஸ். அதை நீக்கவும் காங்கிரஸால் முடியும் என்பதே என் கருத்து. 2023-ல் காங்கிரஸின் மேலவையான செனட்டில் அதற்கு முயன்றார்கள். ஆதரவு 51, எதிர்ப்பு 47. விவாதத்துக்கு எடுக்கவே 60 வேண்டுமாம்.