மலைவேர் என்றால் எந்த வேர்?

கேள்வி: பொருட்காட்சியில் ‘பொதிகை மலைவேர் டீ’ என்று கால் கிலோ பொடி 600 ரூபாய்க்கு வாங்கினேன். பதினோரு வேர் சேர்ந்தது, சர்க்கரை நோய் போய்விடும், மாத்திரையை நிறுத்தலாம் என்றார் விற்றவர். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. பில் இல்லை, ஜிபேயில்தான் பணம் போட்டேன்.
- அங்கன்வாடிப் பணியாளர், சேரன்மகாதேவி

பதில்: முதலில் அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள், பணம் அப்புறம். அம்மாவுக்கு நல்லதாகட்டும் என்று வாங்கியதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதுவும் ஜிபே ரசீதும்தான் உங்கள் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். வாயால் கூவினாலும் அந்தச் சட்டத்தில் அது விளம்பரம்தான்.

இந்தப் ‘பதினோரு வேர்’ பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பதினொன்று? தசமூலம் என்றால் வில்வம், பாதிரி, பெருங்குமிழ் என்று பத்துக்கும் பெயர் சொல்வார் நாட்டு மருந்துக் கடைக்காரர். இவர்கள் வாயில் மட்டும் பெயரே வராது. ஈஸ்வரமூலி வேரும் காட்டு வேர்தான். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். பொடித்துச் சலித்த பிறகு அதையும் நன்னாரியையும் கண்ணால் பிரிக்க முடியுமா? வேரை வேராகவே வாங்குங்கள். பாக்கெட் என்றால் பொருள்களின் பெயரும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: டீ போட நல்ல நன்னாரியை எப்படிப் பார்த்து வாங்குவது?
- கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: ஒல்லியாக, கம்பி மாதிரி இருக்கும். நானும் குற்றாலத்தில் சாரலில் நனைந்துகொண்டே விரல் தடிமனில் ஒரு கட்டு வாங்கினேன், கொழுத்த நன்னாரி மலிவாய்க் கிடைத்த பெருமையோடு. ஆச்சி ஒரு துண்டை ஒடித்து முகர்ந்துவிட்டு, “இது மாகாளில்லா, ஊறுகாய்க்கா வாங்கினே?” என்றாள். மாகாளிக்கிழங்குக்கும் நன்னாரிக்கும் வாசனை ஒன்றுபோலத்தான்; தடிமன்தான் காட்டிக்கொடுக்கும். வேரைத் தட்டி நடுக்கட்டையை எறிந்துவிடுங்கள், மணமெல்லாம் தோலில். கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும்.

கேள்வி: பாபநாசத்துக்கு மேலே போய் நாமே தோண்டி எடுக்கலாமா?
- விக்கிரமசிங்கபுரம் வாசகர்

பதில்: அது புலிகள் காப்பகம். வேரோடு வழக்கும் வரும்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து சாசஃப்ராஸ் என்ற மரவேர் கொண்டுவந்தான். டீ போடலாமா?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அதிலுள்ள சாஃப்ரோல் எலிகளுக்கு ஈரலில் கட்டி உண்டாக்கியதால், அதை உணவில் சேர்க்க 1960இலேயே அமெரிக்காவில் தடை போட்டார்கள். அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் தள்ளுபடி என்று வெட்டிவேர் ஆறு பாக்கெட் வாங்கினேன். எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. டீ ருசி பிடிக்கவில்லை. பணம் திரும்ப வருமா?
- வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: வராது. ருசி பிடிக்காதது பொருளின் குறை இல்லை. ஒன்றைக் குடித்துப் பார்க்காமல் ஆறையும் ஏன் பிரித்தீர்கள்? மண்பானைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கோடை முழுக்க வரும்.