குடியுரிமை கிடைத்தது, பாஸ்போர்ட்?

கேள்வி: அடுத்த வாரம் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கிறேன். மூன்று மாதத்தில் மதுரையில் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: உறுதிமொழி நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். புது பாஸ்போர்ட் வரும்வரை வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வாங்கியதும், அங்கேயே பெயரின் எழுத்து, பிறந்த தேதி இரண்டையும் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பிழை தெரிந்தால் என்-565 படிவம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

பாஸ்போர்ட்டுக்கு டி.எஸ்.-11 படிவம். நேரில்தான் கொடுக்க வேண்டும். பல தபால் நிலையங்களில் வாங்குகிறார்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள், அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். அசல் சான்றிதழ், அதன் நகல், ஓட்டுநர் உரிமமும் நகலும், 2 அங்குலச் சதுரப் புகைப்படம் (கண்ணாடி அணியாமல்) தேவை. கட்டணம் 130 டாலரை வெளியுறவுத் துறை பெயரில் காசோலையாகவும், 35 டாலரைத் தனியாக அந்த அலுவலகத்துக்கும் செலுத்த வேண்டும். உங்கள் அவசரத்துக்குக் கூடுதலாக 60 டாலர் கட்டி விரைவுச் சேவை கேளுங்கள். அசல் சான்றிதழ் தனித் தபாலில் பிறகு வரும்; பதற வேண்டாம்.

இனி இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்து, இந்தியக் குடியுரிமைத் துறப்புச் சான்று பெற்ற பிறகே ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பம். அதற்கு நேரம் போதாவிட்டால் இப்போதைக்கு இ-விசா எடுங்கள்.